சாவி கைமாறும் முன்: வாடகைக் கடையில் நீங்கள் போட்ட காசு

ஒன்பது வருடம் ஒரே இடத்தில் கடை நடத்திய பேக்கரிக்காரர் ஒருவர் ஒரு திங்கட்கிழமை காலை என் அலுவலகத்துக்கு வந்தார். இடத்தைக் காலி செய்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஓவன், மாவு பிசையும் மெஷின், ட்ரேக்கள் எல்லாம் சனிக்கிழமையே லாரியில் போய்விட்டன. சுவரோடு போல்ட் அடித்து நிறுத்திய கண்ணாடி ஷோகேஸ், கூரைக்கு மேல் போகும் எக்ஸாஸ்ட் குழாய், மூன்று ஏ.சி., பின்பக்கம் அவரே போட்ட இரும்பு ஷெட் ஆகியவை மட்டும் பாக்கி. அவற்றைக் கழற்ற ஞாயிற்றுக்கிழமை ஆள் சொல்லியிருந்தார். சனிக்கிழமை இரவு இடத்துக்காரர் வந்து, "தம்பி, காலையில ஒரு பார்ட்டி இடம் பாக்க வர்றாங்க. சாவியைக் குடுத்துட்டுப் போங்க, நீங்க எப்ப வந்தாலும் திறந்து விடுறேன்" என்றிருக்கிறார். ஒன்பது வருடப் பழக்கம். "சரிங்கய்யா" என்று இவரும் கொடுத்துவிட்டார். ஞாயிறு மத்தியானம் ஆட்களோடு போனால் ஷட்டரில் வேறு பூட்டு தொங்கியது.

ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் மேசைமேல் வைத்தார். உள்ளே ஒன்பது வருட பில்கள். பாதிக்குமேல் பளபளப்பான பில் தாளில் அடித்தவை. எழுத்து மங்கி, வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தன. "இதெல்லாம் என் காசுங்க சார். எனக்கு உரிமை இல்லையா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை இரவு வரை இருந்தது என்றுதான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. இந்த அத்தியாயம் அந்தப் பதிலின் விளக்கம். வாடகை இடத்தில் கடை, ஹோட்டல், கிளினிக், ஒர்க்‌ஷாப், டியூஷன் சென்டர் என்று எது நடத்தினாலும், உள்வேலைக்கு முதல் ரூபாய் செலவழிக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

சட்டம் கொடுப்பது எது, கொடுக்காதது எது

இந்தியாவில் குத்தகைக்கும் வாடகைக்கும் அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம். அதன் 108ஆம் பிரிவு இடத்துக்காரர், வாடகைக்காரர் இருவருடைய உரிமைகளையும் கடமைகளையும் வரிசையாகச் சொல்கிறது. ஒப்பந்தத்திலோ அந்த ஊர் வழக்கத்திலோ வேறு மாதிரி இல்லாதபோது மட்டுமே அந்தப் பிரிவு செல்லும். ஆகவே நீங்கள் கையெழுத்திட்ட தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தாளில் இல்லாததற்கே சட்டத்தைத் தேட வேண்டும்.

அந்தப் பிரிவின் உட்பிரிவு 'எச்' வாடகைக்காரருக்குப் பெரிய உரிமை ஒன்றைத் தருகிறது. அவர் நிலத்தோடு இணைத்த எல்லாவற்றையும், வாடகைக் காலம் முடிந்த பிறகும்கூட, இடம் தன் வசம் இருக்கும்வரை எடுத்துக்கொண்டு போகலாம். இடத்தை முதலில் வாங்கிக்கொண்ட நிலையில் திருப்பிவிட வேண்டும் என்பதே நிபந்தனை. 1929 வரை இந்த உரிமை வாடகைக் காலத்துக்குள் மட்டுமே இருந்தது. அந்த ஆண்டின் திருத்தம்தான் அதை "இடம் வசம் இருக்கும்வரை" என்று நீட்டியது. அதே வாசகத்தில் "அதற்குப் பிறகு இல்லை" என்றும் சேர்த்துவிட்டது. பேக்கரிக்காரர் விழுந்த இடம் இதுதான். அக்ரிமென்ட் எந்தத் தேதியில் முடிந்தது என்பதைவிட, சாவி எப்போது கைமாறியது என்பதே அவருடைய உரிமையைத் தீர்மானித்தது.

பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருப்பது இன்னொன்று. இந்தப் பிரிவு எடுத்துக்கொண்டு போகும் உரிமையைத் தருகிறதே தவிர, எடுக்க முடியாதவற்றுக்குப் பணம் கேட்கும் உரிமையைத் தரவில்லை. தரையில் ஒட்டிய டைல்ஸ், சுவருக்குள் போன ஒயரிங், பட்டி பார்த்து அடித்த பெயின்ட், கழிவறைக்குப் புதிதாகப் போட்ட குழாய்கள் ஆகியவற்றைப் பெயர்த்தால் உங்களுக்கும் பயனில்லை, இடமும் கெடும். ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலொழிய இவற்றுக்கு ஒரு பைசா கேட்க அந்தப் பிரிவில் வழியில்லை.

"51ஆம் பிரிவு இருக்கிறதே, மேம்பாடு செய்தவருக்கு மதிப்பைக் கொடுக்கச் சொல்கிறதே" என்று சிலர் கேட்பார்கள். அது சொத்து தனக்கே முழுச் சொந்தம் என்று நல்லெண்ணத்தோடு நம்பிச் செலவழித்து, பிறகு உரிமைக் குறைபாட்டால் சொத்தை இழப்பவருக்கானது. மாதாமாதம் வாடகை கொடுப்பவர் இடம் வேறொருவருடையது என்று தெரிந்தே இருக்கிறார். அவருக்கு அது உதவாது. 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டம், 60ஆம் பிரிவில், அனுமதியின்பேரில் நிரந்தர வேலை செய்து செலவும் செய்தவரின் அனுமதியைத் திரும்பப் பெற முடியாது என்கிறது. அது உரிமம் பெற்று இருப்பவருக்கானது, வாடகைக்காரருக்கு அல்ல. இந்த இரண்டு பிரிவுகளையும் நம்பி வழக்குப் போட்டு வருடங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கழற்றக்கூடியது, கட்டியது

நிலத்தின்மேல் கட்டியதெல்லாம் நிலத்துக்காரருக்கே சேரும் என்ற பழைய ஆங்கிலேய விதி இங்கே அப்படியே செல்லாது. நிலம் ஒருவருக்கும் அதன்மேல் உள்ள கட்டடம் இன்னொருவருக்கும் சொந்தமாக இருக்கலாம் என்பதை உச்ச நீதிமன்றம் 1961லேயே ஒப்புக்கொண்டது. நம் ஊர்க் கோயில் இடங்களில் 'அடிமனை வாடகை' என்று சொல்வதும் இதைத்தான். அடிமனை கோயிலுடையது, மேலே உள்ள கட்டடம் குடியிருப்பவருடையது.

ஒரு பொருள் கட்டடத்தோடு கலந்துவிட்டதா, தனிப் பொருளாகவே இருக்கிறதா என்று பார்க்க நீதிமன்றங்கள் கேட்கும் கேள்வி எளிமையானது. பொருத்தியது எதற்காக? கட்டடம் நிரந்தரமாகப் பயன்பட வேண்டும் என்றா, பொருள் ஆடாமல் அசையாமல் வேலை செய்ய வேண்டும் என்றா? 1940-ல் சென்னை உயர் நீதிமன்றம் ஓர் ஆயில் எஞ்சின் பற்றிய வழக்கில் இந்த அளவுகோலைத்தான் வைத்தது. எஞ்சினைத் தரையோடு பிணைத்தது எஞ்சின் ஓடுவதற்காக. ஆகவே அது எஞ்சினாகவே இருக்கிறது, நிலமாகிவிடவில்லை. உங்கள் மாவு மெஷினும், ஜெனரேட்டரும், ஏ.சி.யும், போல்ட் அடித்த ரேக்கும் இந்தக் கணக்கில் உங்கள் பொருள்களே.

மறுபக்கம் அதே 108ஆம் பிரிவின் 'பி' உட்பிரிவு இருக்கிறது. இடத்துக்காரரின் சம்மதமின்றி, விவசாயத்துக்காக அல்லாமல், வாடகைக்காரர் நிரந்தரக் கட்டுமானம் எழுப்பக் கூடாது. எது நிரந்தரம் என்பதற்கு அங்குலக் கணக்கு கிடையாது. எப்படிப் பிணைத்திருக்கிறார், என்ன நோக்கத்தில் செய்தார், பெயர்த்தால் கட்டடம் கெடுமா என்பதையெல்லாம் சேர்த்தே பார்ப்பார்கள். 1987-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், வாடகைக்காரர் ஹாலுக்கு நடுவே அஸ்திவாரம் தோண்டாமல் ஆறடி உயரத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் எழுப்பியிருந்தார். திறந்த வெளியில் தகர ஷெட்டும் போட்டிருந்தார். கட்டடத்துக்குச் சேதமில்லாமல் எடுத்துவிடலாம் என்பதால், அது கட்டடத்தையே மாற்றிவிட்டதாகாது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகையால் கார்பென்டரிடமும் கொத்தனாரிடமும் முதலிலேயே சொல்லிவைக்க வேண்டியது, "நாளைக்குக் கழற்றுகிற மாதிரி செய்யுங்க" என்பது. ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ, செங்கல் தடுப்புக்குப் பதில் ஜிப்சம் போர்டு, சுவரில் புதைக்கும் ஒயருக்குப் பதில் வெளியே ஓடும் கேசிங் என்று போனால் சட்டத்தில் உங்கள் நிலை ஒவ்வொரு படியாக உயரும்.

சம்மதம் பற்றி ஓர் எச்சரிக்கை. "ஓனர் ஓகே சொல்லிட்டார்" என்று வருபவர்கள் அதையே நஷ்டஈட்டுக்கான வாக்குறுதி போல நினைக்கிறார்கள். வேலை செய்யச் சம்மதம் கொடுத்தால், அந்த வேலையைக் காரணம் காட்டி உங்களை வெளியேற்ற முடியாது. அதற்குமேல் அந்தச் சம்மதத்தில் எதுவும் இல்லை. செலவை யார் ஏற்பது, போகும்போது பொருள் யாருக்கு என்பவை தனியாகப் பேசி எழுத வேண்டியவை. கூடுதல் தளம், பரண் போன்றவற்றுக்கு உள்ளாட்சி அமைப்பின் அனுமதியும் வேண்டும். அனுமதியில்லாமல் எழுப்பியதை அவர்கள் இடித்தால் யாரிடமும் பணம் கேட்க முடியாது.

ரிப்பேர் வேறு, மேம்பாடு வேறு

உள்வேலைப் பணத்தில் திரும்ப வாங்கக்கூடிய பகுதி ஒன்று உண்டு. பெரும்பாலானவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை.

தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், அதனிடத்தில் வீட்டு உரிமையாளர்கள் மற்றும் வாடகைதாரர்களின் உரிமைகள், பொறுப்புகளை ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெயரில் வீடு இருந்தாலும் நகர்ப்புறக் கடைகளுக்கும் பொருந்தும். கட்டமைப்புப் பழுது, சுண்ணாம்பு அடித்தல், கதவு ஜன்னலுக்குப் பெயின்ட், தேவைப்படும்போது குழாய் மாற்றுதல், உள் வெளி ஒயரிங் ஆகியவற்றை அதன் அட்டவணை இடத்துக்காரர் பொறுப்பில் வைக்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், பூட்டு, கண்ணாடி, சாக்கடை சுத்தம் போன்ற சில்லறை வேலைகள் வாடகைக்காரருடையவை. வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தால் அதுவே செல்லும். இடத்துக்காரர் தன் பங்கைச் செய்யாமல் இழுத்தடித்தால், நீங்களே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். எந்த மாதத்திலும் கழிவு அந்த மாத வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 108 'எஃப்' உட்பிரிவும், இடத்துக்காரர் செய்யக் கடமைப்பட்ட ரிப்பேரை அறிவிப்புக்குப் பிறகும் அவர் செய்யாவிட்டால், நீங்கள் செய்து செலவை வட்டியோடு பிடித்துக்கொள்ள அனுமதிக்கிறது.

ஆனால் கடைக்காரர்கள் செய்வது என்ன? கூரை ஒழுகுகிறது, பழைய ஒயர் எரிகிறது, அதோடு ஃபால்ஸ் சீலிங்கும் வேண்டும். எல்லாவற்றையும் ஒரே கான்ட்ராக்டரிடம் கொடுத்து, 'இன்டீரியர் வேலை' என்று ஒரே பில்லாக வாங்கிவிடுகிறார்கள். அந்த ஒரு வார்த்தையால் திரும்பக் கிடைக்க வேண்டிய பணமும் கிடைக்காத கணக்கில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. கூரை ஒழுகலுக்குத் தனி பில், ஒயரிங்குக்குத் தனி பில் வாங்குங்கள். வேலைக்கு முன்னால் இடத்துக்காரருக்கு ஒரு கடிதமோ வாட்ஸ்அப் செய்தியோ போட்டு, பதிலுக்குக் காத்திருந்த நாள்களைப் பதிவாக வைத்திருங்கள்.

பில்லைப் பற்றிப் பேசும்போது வருமான வரியையும் சொல்லிவிட வேண்டும். சொந்தமில்லாத கட்டடமானாலும், வாடகைக்காரர் அதில் முதலீடாகச் செய்த புதுப்பிப்புக்கும் மேம்பாட்டுக்கும் தேய்மானம் கோரலாம் என்று 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 32ஆம் பிரிவு விளக்கம் சொன்னது. இடத்துக்காரரிடம் கிடைக்காத பணத்தில் ஒரு பகுதி இந்த வழியிலாவது மிச்சமாகும். ஆடிட்டரிடம் கேளுங்கள், அதற்கும் பில் உங்கள் கடைப் பெயரில் இருக்க வேண்டும். மங்கும் தாளில் வரும் பில்லை வாங்கிய அன்றே நகல் எடுத்துவிடுங்கள்.

பதினோரு மாத அக்ரிமென்ட்டில் பத்து லட்சம்

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட வாடகைப் பத்திரத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். அதைத் தவிர்க்கப் பதினோரு மாதத்துக்கு எழுதுவது ஊர் வழக்கம். ஒரு மேசையும் நாற்காலியும் போட்டு உட்காரும் அலுவலகத்துக்கு அது போதும். பத்து லட்சம் உள்வேலை செய்யப்போகிறவருக்குப் போதவே போதாது. காலம் முடிந்து, புதுப்பிக்காமல் மாத வாடகையில் தொடர்ந்தால், சொத்து மாற்றுச் சட்டப்படி 15 நாள் அறிவிப்பில் வாடகையை முடிக்க இடமிருக்கிறது. 2017 சட்டத்தின் கீழ் வெளியேற்ற வாடகை நீதிமன்றம் போக வேண்டும் என்றாலும், எழுத்து ஒப்பந்தம் செய்துகொள்ளத் தவறுவதே அங்கே ஒரு காரணமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. மூன்று வருடம், ஐந்து வருடம் என்று எழுதிப் பதிவு செய்யாமல் வைப்பதும் ஆபத்து. பதிவாகாத பத்திரத்தின் ஷரத்துகளை நீதிமன்றத்தில் ஆதாரமாகக் காட்ட முடியாது. நஷ்டஈடு பற்றி எவ்வளவு அழகாக எழுதியிருந்தாலும் பயன்படாது. பதிவுச் செலவை உள்வேலைச் செலவின் ஒரு பகுதியாகவே எண்ணிக்கொள்ளுங்கள்.

கோயில் இடமானால் இன்னும் கவனம் வேண்டும். 1959ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை, ஆணையரின் ஒப்புதல் இல்லாவிட்டால் செல்லாது. வெறும் நிலத்தை எடுத்துக் கட்டடம் கட்டுபவர்கள், "சிட்டி டெனன்ட்ஸ் ஆக்ட் இருக்கு, நிலத்தையே எழுதி வாங்கிடலாம்" என்று சொல்லக் கேட்டிருப்பார்கள். 1921ஆம் ஆண்டின் அந்தச் சட்டம் கட்டடத்தின் மதிப்பைக் கேட்கவும், நிலத்தை நீதிமன்றம் வைக்கும் விலையில் வாங்கவும் வழிவகுத்தது உண்மை. 1980க்கு முன் தொடங்கிய பழைய வாடகைகளுக்கானது அது. 1996-ல் கோயில் நிலங்கள் அதிலிருந்து விலக்கப்பட்டன. இன்று புதிதாக நிலம் எடுப்பவர் அதை மனத்தில் வைத்து ஒரு செங்கல்கூட வைக்க வேண்டாம்.

எழுத வேண்டியவை

பத்திரத்தின் கடைசியில் இரண்டு பட்டியல்கள் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டியல் 'அ': நீங்கள் எடுத்துப் போகப்போகிறவை. ஷோகேஸ், ஏ.சி., எக்ஸாஸ்ட் குழாய், பெயர்ப் பலகை, ஜெனரேட்டர் என்று ஒவ்வொன்றாக. பட்டியல் 'ஆ': கட்டடத்தோடு தங்கப்போகிறவை, அவற்றின் மதிப்போடு. பத்திரத்துக்குள் இப்படி ஒரு ஷரத்து:

"பட்டியல் 'அ'வில் உள்ள பொருள்கள் எவ்விதம் பொருத்தப்பட்டிருந்தாலும் வாடகைதாரருக்கே சொந்தம். இடத்தை ஒப்படைத்த நாளிலிருந்து 15 நாள் வரை அவற்றைக் கழற்றி எடுக்க உரிமையாளர் அனுமதிக்க வேண்டும். பட்டியல் 'ஆ'வில் உள்ள வேலைகளின் மதிப்பு ரூ. 12 லட்சம் என்று இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றனர். வாடகைதாரரின் தவறு இல்லாமல் ஆறு ஆண்டுக்குள் வாடகை முடிவுக்கு வந்தால், முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் ரூ. 2 லட்சம் கழித்து, மீதியை இடம் ஒப்படைக்கும் நாளன்று முன்பணத்தோடு சேர்த்து உரிமையாளர் தர வேண்டும். உரிமையாளர் சொத்தை விற்றாலும் இந்த ஷரத்து வாங்குபவரைக் கட்டுப்படுத்தும்."

இதன்படி மூன்றாம் ஆண்டு முடிவில் இடத்துக்காரர் காலி செய்யச் சொன்னால் உங்களுக்கு ஆறு லட்சம் வர வேண்டும். ஆறு வருடம் முழுதாக நடந்தால் அவர் ஒன்றும் தர வேண்டியதில்லை. நீங்கள் போட்ட காசை நீங்களே அனுபவித்துவிட்டீர்கள். இரண்டு பக்கத்துக்கும் நியாயமான கணக்கு என்பதால் பெரும்பாலான இடத்துக்காரர்கள் இதற்கு ஒப்புக்கொள்வார்கள். ஒப்புக்கொள்ளத் தயங்கினால் வாடகையில் கேளுங்கள். மாதம் ரூ. 40,000 வாடகையில் பத்தாயிரம் வீதம் முப்பது மாதம் கழித்தால் மூன்று லட்சம் வந்துவிடும். வேலை முடிந்து கடை திறக்கும்வரை வாடகை இல்லை என்பதும் கேட்டுப் பெறக்கூடியதே. இவை எல்லாவற்றையும் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் பேச வேண்டும். டைல்ஸ் இறங்கிய பிறகு பேசினால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்காது.

"முதலில் இருந்த நிலையில் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி எல்லாப் பத்திரத்திலும் இருக்கும். முதலில் எப்படி இருந்தது என்பதற்கு யாரிடமும் சாட்சி இருக்காது. இடத்தை வாங்கும் அன்று, சாமான் இறங்கும் முன், தரை, சுவர், கழிவறை, மீட்டர் பெட்டி எல்லாவற்றையும் வீடியோ எடுத்து அப்போதே இடத்துக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். மும்முனை மின்சாரத்துக்கும் கூடுதல் லோடுக்கும் நீங்கள் கட்டும் டெபாசிட், சர்வீஸ் அவர் பெயரில் இருந்தால் அவர் கணக்கில்தான் நிற்கும். அதையும் பட்டியல் 'ஆ'வில் சேர்த்துவிடுங்கள்.

காலி செய்யும் வாரம்

பத்து நாள் முன்னதாக, என்னென்ன கழற்றப்போகிறேன் என்று எழுத்தில் தெரிவியுங்கள். கழற்றிய துளைகளை அடைத்து, சுவரைப் பூசி, அதன் பில்லையும் படத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தில் பிடித்தம் செய்ய அது இடம் கொடுக்காது. கழற்றவிடாமல் தடுத்தால் சாவியைக் கொடுக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள். நீங்கள் இருக்கும்போதே அவர் பூட்டுப் போட்டுவிட்டால், 1963ஆம் ஆண்டு குறித்தவகைத் தீர்வுச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு வசத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆறு மாதம் தாண்டினால் அந்த வழி அடைபடும். சாவியை ஒப்படைக்கும்போது தேதி, நேரம், உள்ளே எதுவும் பாக்கி இல்லை அல்லது இன்னின்னது பாக்கி என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். இரண்டு வரி போதும்.

பேக்கரிக்காரருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஏ.சி.க்களும் ஷோகேஸும் தனிப் பொருள்கள், அவை எப்போதும் அவருடையவையே என்று நோட்டீஸ் அனுப்பினோம். நான்கு மாதம் பேசி அவற்றை மீட்டோம். எக்ஸாஸ்ட் குழாயையும் இரும்பு ஷெட்டையும் விட்டுவிட வேண்டியதாயிற்று. பில்கள் மங்கிப்போனதால் அவற்றின் மதிப்பைக்கூடக் காட்ட முடியவில்லை. புதிய இடத்துக்கு அவர் போட்ட பத்திரத்தில் இரண்டு பட்டியலும் இருக்கின்றன, பதிவும் ஆகியிருக்கிறது.

நாளை கார்பென்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கப்போகிறீர்கள் என்றால், இன்று மாலையே இடத்துக்காரரைப் போய்ப் பாருங்கள். இரண்டு பட்டியலிலும் அவருடைய கையெழுத்தை வாங்கிய பிறகு வேலையைத் தொடங்குங்கள்.